என் முகம் தெரியாத அம்மாவுக்குப் பொத்தான் எப்படித் தெரிகிறது?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 79. விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலா முதுமையில் சிதைந்ததால் இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்விட்டது. எதிரே நிற்கும் என் முகம்கூட அவருக்கு ஒரு சாம்பல் திட்டுதான். ஆனால் இரண்டு மாதமாக, சாயங்கால வேளையில், சோபாவின் ஓரத்தில் மூன்று சின்னப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருப்பதாகச் சொல்கிறார். பச்சைச் சட்டை, தலையில் என்னவோ தொப்பி, சட்டையில் ஐந்து பொத்தான் என்று எண்ணிக்கூடச் சொல்கிறார். பிள்ளைகள் பேசுவதில்லையாம். பயமில்லை என்கிறார், ஆனால் சோபாவின் அந்த ஓரத்தில் மட்டும் உட்கார மாட்டேன் என்கிறார். மருந்து வேளை, வீட்டுக் கணக்கு, பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள் எல்லாம் சரியாக நினைவிருக்கிறது. தம்பி மனநல மருத்துவரிடம் கூட்டிப் போகலாம் என்கிறான். சித்தி காத்து கருப்பு என்கிறார். என் முகம் தெரியாத கண்ணுக்குப் பொத்தான் எப்படித் தெரிகிறது? அம்மாவுக்குப் புத்தி தடுமாறுகிறதா? அவர் சொல்லும்போது நான் ஆமாம் போடுவதா, இல்லை என்று மறுப்பதா?

— ஒரு மகள்

பதில்: உங்கள் கடிதத்தில் என் கண் போய் நின்ற இடம் அந்த ஐந்து பொத்தான்தான். நேரில் பார்க்காமல் ஒருவருக்கு நோயின் பெயரைச் சொல்வது முறையல்ல. ஆனாலும் பார்வை வெகுவாகக் குறைந்த ஒருவர், நினைவு தெளிவாக இருப்பவர், சத்தமே போடாத உருவங்களைப் பார்க்கிறார், அதுவும் நிஜப் பொருள்களைவிடத் துல்லியமாகப் பார்க்கிறார் என்றால், எந்தக் கண் மருத்துவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது சார்லஸ் போனே சிண்ட்ரோம். அது மனநோய் இல்லை, மறதி நோயும் இல்லை. பார்வையைப் பெருமளவு இழந்தவர்களில் பத்தில் ஒருவருக்காவது இது வருகிறது. வாய்விட்டுச் சொல்பவர்கள் அதைவிடக் குறைவு. ஏன் என்று உங்கள் தம்பியும் சித்தியும் பேசிக்கொள்வதைக் கேட்டாலே தெரிந்துவிடும்.

உங்கள் மூன்று கேள்விகளில் பொத்தான் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் மற்ற இரண்டும் பாதி தீர்ந்த மாதிரி. அதனால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கண் ஒரு கேமரா என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அவசரத்துக்கு நானும் நோயாளிகளிடம் அப்படித்தான் சொல்லி வைக்கிறேன். லென்ஸ், விழித்திரை வரைக்கும் அந்த உவமை ஓடும், அதற்கப்புறம் நொண்டும். விழித்திரையில் வெளிச்சத்தை உணரும் குச்சி செல்கள் சுமார் 12 கோடி, கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம். ஆனால் அங்கிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பில் இருப்பவை ஏறக்குறைய 10 முதல் 12 லட்சம் இழைகள்தான். நூறு பேர் சொல்வதை ஒருவர் தூக்கிக்கொண்டு போகிற கணக்கு. அப்படியே படம் பிடித்து அனுப்ப வழியே இல்லை. விழித்திரை சுருக்கம்தான் அனுப்புகிறது: இங்கே ஒரு விளிம்பு, இங்கே வெளிச்சம் மாறுகிறது, அங்கே ஏதோ அசைகிறது. ஒரே நிறத்தில் கிடக்கும் வெள்ளைச் சுவரின் நடுவைப் பற்றி அது அநேகமாக ஒன்றுமே சொல்வதில்லை. சுவர் முழுக்க வெள்ளை என்று முடிவு கட்டுவது மேலே உட்கார்ந்திருக்கும் மூளை.

நம்பக் கஷ்டமாக இருந்தால் இப்போதே செய்து பாருங்கள். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, கட்டைவிரல்களை மேலே தூக்கி ஒட்டி வையுங்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் இடது கட்டைவிரல் நகத்தை மட்டும் பாருங்கள். பார்வையை அங்கிருந்து எடுக்காமல் வலது கையை மெதுவாக வலப்பக்கம் நகர்த்துங்கள். முக்கால் சாண் தூரம் போனதும் வலது கட்டைவிரலின் நுனி காணாமல் போகும். இன்னும் கொஞ்சம் தள்ளினால் திரும்பி வரும். பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடம் அது. அங்கே ஒளி உணரும் செல் ஒன்றுகூடக் கிடையாது. பிரான்ஸைச் சேர்ந்த மாரியட் 1660-களிலேயே இதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்.

விரல் மறைந்ததைவிட எனக்கு ஆச்சரியம், அது மறைந்த இடத்தில் என்ன தெரிந்தது என்பதுதான். கறுப்பு ஓட்டை தெரியவில்லை. பின்னால் இருக்கும் சுவரோ திரையோ தொடர்ந்து ஓடியது, இல்லையா? அந்த இடத்திலிருந்து ஒரு தகவலும் வரவில்லை. சுற்றியிருப்பதை வைத்து மூளை நிரப்பிவிட்டது. பிறந்ததிலிருந்து இரண்டு கண்ணிலும் இந்த ஓட்டையோடுதான் நாம் எல்லோரும் நடமாடுகிறோம். கையைக் காலை நீட்டி இப்படிச் சோதித்தால் ஒழிய யாருக்கும் தெரிவதில்லை.

ஆக, உள்ளதைப் பார்ப்பதும் இல்லாததை நிரப்புவதும் மூளைக்குத் தனித்தனி வேலைகள் அல்ல. இரண்டும் ஒரே பட்டறையில் நடக்கின்றன. அம்மாவின் பிள்ளைகளும் அந்தப் பட்டறையிலிருந்துதான் வருகிறார்கள்.

அந்தப் பட்டறை இருப்பது தலையின் பின்பக்கம், பிடரிக்குச் சற்று மேலே. கண்ணிலிருந்து கிளம்பும் நரம்புகள் மூளையின் நடுவில் தலாமஸ் என்ற இடத்தில் ஒருமுறை இறங்கி ஏறி அங்கே போய்ச் சேர்கின்றன. அங்கிருக்கும் செல்கள் என்னதான் செய்கின்றன என்பது 1950-களின் கடைசி வரை பிடிபடவில்லை. டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இரண்டு பேர், மயக்கத்தில் இருக்கும் பூனையின் மூளையில் ஒற்றைச் செல்லின் மின்துடிப்பைக் கேட்க முயன்றுகொண்டிருந்தார்கள். கண்ணாடிச் சில்லில் கறுப்புப் புள்ளி ஒட்டித் திரையில் காட்டுகிறார்கள்; செல் அசைந்து கொடுக்கவில்லை. மணிக்கணக்காக அதே கதை. ஒரு சமயம் சில்லைச் செருகும்போது செல் படபடவென்று துடிக்க ஆரம்பித்தது. காரணம் புள்ளி அல்ல. சில்லின் ஓரம் திரையில் போட்ட மெல்லிய நிழற்கோடு. அந்தச் செல்லுக்கு வேண்டியிருந்தது ஒரு கோடு, அதுவும் ஒரு குறிப்பிட்ட சாய்வில். பக்கத்துச் செல்லுக்கு வேறு சாய்வு. அந்தப் பாதையில் தொடர்ந்து போன வேலைக்கு 1981-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கோட்டுக்கு ஒரு கூட்டம் செல்கள் என்பதோடு நிற்கவில்லை. அங்கிருந்து செய்தி பிரிந்து போகிறது. நிறத்துக்கு ஒரு பகுதி, அசைவுக்கு ஒரு பகுதி, முகத்துக்கு என்றே ஒரு பகுதி. பக்கவாதத்தில் முகப்பகுதி மட்டும் கெட்டுப்போனவர்களுக்குக் கண்ணும் மூக்கும் தனித்தனியாகத் தெரியும், கட்டிய மனைவி யாரென்று குரல் கேட்டால்தான் தெரியும். இன்னொரு சங்கதி: தலாமஸில் வந்து சேரும் இணைப்புகளில் விழித்திரையிலிருந்து வருபவை சிறுபான்மைதான். மேலே மூளையிலிருந்து கீழே இறங்கி வருபவை அதைவிட நிறைய. கண் சொல்லி முடிப்பதற்குள் 'இதுவாகத்தான் இருக்கும்' என்று மூளை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. பெரும்பாலும் அதன் ஊகம் சரியாக இருப்பதால் நமக்குப் பிழைப்பு ஓடுகிறது.

இப்போது மாகுலாவுக்கு வருகிறேன். விழித்திரையின் நட்டநடுவில் துல்லியப் பார்வைக்கென்று இருக்கும் பகுதி மிகச் சிறியது. பார்வையின் அந்த நடுப்பகுதிக்கும் அதைச் சுற்றியுள்ள சிறு வட்டத்துக்கும் மூளையின் முதல் பார்வைப் பகுதியில் ஏறக்குறைய பாதி இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. உங்கள் அம்மாவுக்குப் போயிருப்பது அந்த வட்டம். கண்ணில் பார்த்தால் சின்னச் சேதம். மூளையில் பார்த்தால், பட்டறையில் பாதிப் பேருக்குத் திடீரென்று சரக்கு வரவில்லை.

நாம் பிறவியிலேயே சுமக்கும் குருட்டுப் புள்ளிக்கும் இதற்கும் வித்தியாசம் அங்கேதான். அந்த ஓட்டையிலிருந்து மூளைக்கு என்றைக்குமே செய்தி வந்ததில்லை, ஆகவே எதிர்பார்ப்பும் இல்லை. மாகுலாவோ எழுபது வருஷம் நொடிதவறாமல் செய்தி அனுப்பிய இடம். அது வாயை மூடிக்கொண்டதும் மேலே இருக்கும் செல்கள் ஓய்ந்து உட்காருவதில்லை. எதற்கும் எளிதில் துடிக்கும் நிலைக்கு வந்துவிடுகின்றன. பிறகு தாமாகவே துடிக்கின்றன. கால் எடுக்கப்பட்டவருக்கு இல்லாத பாதம் அரிப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் பார்வை வடிவம் இது.

கண்ணில் கோளாறே இல்லாதவர்களுக்கும் இதை வரவழைக்க முடியும் என்று காட்டியிருக்கிறார்கள். 2004-இல் வெளியான ஓர் ஆய்வில் நல்ல பார்வையுள்ள 13 பேரின் கண்ணை 5 நாள் ஒளியே புகாமல் கட்டி வைத்தார்கள். அவர்களில் 10 பேருக்கு உருவங்கள் தெரிந்தன, சிலருக்கு முதல் நாளே. கட்டை அவிழ்த்ததும் போய்விட்டன. அதற்கு முன்பே, 1998-இல் லண்டனில் டொமினிக் ஃபிச் என்பவரின் குழு, இப்படி உருவங்கள் வரும் நோயாளிகளை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, உருவம் வரும்போது சொல்லச் சொன்னது. நிறம் நிறமாகத் தெரிந்தவருக்கு மூளையின் நிறப்பகுதி விழித்திருந்தது. முகம் தெரிந்தவருக்கு முகப்பகுதி. நாம் ஒன்றைக் கற்பனை செய்து பார்ப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகிறது. அம்மா பிள்ளைகளை நினைத்துக்கொள்ளவில்லை, மூளையைப் பொறுத்தவரை பார்க்கிறார்.

பொத்தானுக்கு விடை கிடைத்திருக்கும். உங்கள் முகம் அம்மாவின் மூளைக்குப் போக வேண்டுமானால் சிதைந்த மாகுலா வழியாகத்தான் போயாக வேண்டும், வழியிலேயே தேய்ந்துபோகிறது. அந்தப் பிள்ளைகள் கண் வழியாக வரவே இல்லை. கோடு, நிறம், துணி நெசவு என்று ஒவ்வொன்றையும் கையாளத் தெரிந்த செல்கள் நேரடியாக வரைகிறபோது மங்கலாக இருக்க என்ன காரணம் இருக்கிறது? நிஜத்தைவிடத் தெளிவாக இருப்பதே இந்த உருவங்களின் அடையாளம். அம்மா ஐந்து என்று எண்ணிச் சொன்னது எனக்குக் கவலை தரவில்லை. இன்னதென்று ஊகிக்கத்தான் உதவியது.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கதை அம்மாவுக்குப் பிடிக்கலாம், படித்துக் காட்டுங்கள். சார்லஸ் போனே ஜெனீவாவைச் சேர்ந்த இயற்கை ஆராய்ச்சியாளர். அவருடைய தாத்தா சார்லஸ் லுலின், நீதித்துறையில் இருந்தவர், கண்புரையால் பார்வை மங்கியவர். 90 வயதை நெருங்கும்போது ஆட்கள், பறவைகள், வண்டிகள், கட்டடங்கள் என்று வரிசையாகக் காட்சிகள் தெரியத் தொடங்கின. கிழவர் பயப்படவில்லை, அவை நிஜமில்லை என்று அவருக்குத் தெரியும், உட்கார்ந்து ரசித்தார். பேரன் அதைத் தன் நூலில் 1760-இல் எழுதி வைத்தார். காட்சிகள் வந்தது தாத்தாவுக்கு, பெயர் கிடைத்தது பேரனுக்கு.

260 வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்த விஷயம் என்றாலும், நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு முதியவர் தயங்கித் தயங்கி "சுவர் முழுக்கச் செங்கல் கட்டம் தெரியுது டாக்டர்" என்றபோது, "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் கண்ணின் அழுத்தத்தைப் பற்றி மட்டும்தான் பேசினார். இன்று நடுப்பார்வை போன எல்லோரிடமும் நானாகவே கேட்கிறேன்: இல்லாதது ஏதாவது தெரிகிறதா? நிறையப் பேர் முதலில் பின்னால் திரும்பி, கூட வந்த பிள்ளைகள் கேட்கிறார்களா என்று பார்க்கிறார்கள். அப்புறம்தான் பதில் வருகிறது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. எல்லா உருவத்தையும் போனே கணக்கில் எழுதிவிடக் கூடாது. உருவங்கள் பேசுகின்றன, வாசனை வருகிறது, தொடுகின்றன என்று அம்மா சொன்னால் அது வேறு. 'அவர்கள் என்னை வெளியேற்றப் பார்க்கிறார்கள்' என்று நம்பத் தொடங்கினாலும் வேறு. நாளுக்கு நாள் தெளிவு ஏறி இறங்குவது, நடை தளர்ந்து கை கால் விறைப்பது, தூக்கத்தில் கனவுக்கு ஏற்றபடி கை கால் வீசுவது ஆகியவை சேர்ந்திருந்தால் லூயி பாடி என்ற ஒருவகை மறதி நோயா என்று நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டும். காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ வந்து ஒரே நாளில் பேச்சு குழம்பினால் அன்றைக்கே மருத்துவமனை. திடீரென்று ஒரு பக்கப் பார்வை போவது, வாய் கோணுவது, கை தளர்வது பக்கவாத அறிகுறிகள். அங்கே நிமிஷக் கணக்கு. நீங்கள் எழுதியதில் இவை எதுவும் இல்லை. ஆனாலும் ஒருமுறை பொது மருத்துவரிடம் கூட்டிப் போய், அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் பையோடு மேஜையில் கொட்டிக் காட்டுங்கள். பார்க்கின்சன் மாத்திரை, தூக்க மாத்திரை, சில அலர்ஜி மாத்திரைகள், சிறுநீர் அடக்க முடியாததற்குக் கொடுக்கும் சில மருந்துகள் முதியவர்களுக்கு உருவங்களைக் கிளப்பிவிடும்.

கண் மருத்துவரிடமும் சொல்லுங்கள். மாகுலாவோடு கண்புரையும் சேர்ந்திருந்தால் அதை எடுப்பதால் உள்ளே போகும் வெளிச்சம் கூடும். மூளைக்குக் கொஞ்சமாவது சரக்கு கூடுதலாகப் போனால் அதன் சொந்த உற்பத்தி குறைய வாய்ப்பு உண்டு. பெரிதாக்கும் கண்ணாடி, நல்ல மேஜை விளக்கு போன்ற குறைபார்வை உதவிகளுக்கும் இதே நியாயம். நேர்கோடு திடீரென்று வளைந்து தெரிந்தால் அது போனே விஷயமல்ல, மாகுலாவில் புதிதாகக் கசிவு இருக்கலாம். ஊசி போட வேண்டிவரும், தள்ளிப்போடாதீர்கள்.

பிள்ளைகள் சாயங்காலம் வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது தற்செயல் இல்லை. வெளிச்சம் மங்கும் நேரம், வேலை ஒன்றும் இல்லாமல் அமைதியாக உட்கார்ந்திருக்கும் நேரம்தான் இந்த உருவங்களுக்குத் தோது. இருட்டத் தொடங்குவதற்கு முன்பே அந்த அறையில் விளக்கைப் போட்டுவிடுங்கள். வந்துவிட்டால், அம்மா தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் நொடிக்கு ஒரு தடவை வீதம் 15 தடவை ஓட்டிப் பார்க்கட்டும். சில நொடி ஓய்வு, மறுபடி ஒரு சுற்று. கண் தாவும்போது மூளையின் பார்வைப் பகுதியில் நடக்கும் வேலையே மாறுகிறது, உருவம் அநேகமாகக் கலையும். சிலருக்குக் கண்ணை இறுக மூடித் திறந்தால் போதும், சிலருக்கு எழுந்து நடந்தால் போதும். எது பலிக்கிறது என்பதை அம்மாவே கண்டுபிடிப்பார்.

மாத்திரை? இதற்கென்று நிச்சயமாகக் கேட்கும் மருந்து கிடையாது. மனநோய்க்குக் கொடுக்கும் மருந்துகளை முதல் வேலையாக ஆரம்பிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இந்த வயதில் அவற்றால் தடுமாறி விழுவது, மந்தமாவது போன்ற தொல்லைகள் உருவங்களைவிடப் பெரியவை. உருவங்கள் தூக்கத்தைக் கெடுத்து, பயமுறுத்தி, வாழ்க்கையை நடத்தவிடாமல் செய்தால் அப்போது நிபுணரோடு பேசலாம். பலருக்கு ஒன்றிரண்டு வருஷத்தில் வருகை குறைகிறது. சிலருக்குப் பல வருஷம் நீடிக்கிறது, ஆனால் பழகிப்போகிறது.

ஆமாம் போடுவதா மறுப்பதா என்ற கேள்வி பாக்கி. இரண்டும் வேண்டாம். 'எனக்கும் தெரியுதும்மா' என்றால் அவருடைய தெளிவை நீங்களே கலைக்கிறீர்கள். 'அங்கே ஒன்றுமில்லை, சும்மா இரு' என்றால் அடுத்த முறை சொல்ல மாட்டார். "எனக்குத் தெரியலம்மா. உன் கண்ணு செய்தி அனுப்பாததால மூளையே வரையுது, டாக்டர் சொன்னார். இன்னிக்கு என்ன சட்டை போட்டிருக்காங்க?" என்று கேளுங்கள். இந்த விளக்கத்தைக் கேட்ட அன்றே பாதிப் பயம் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அம்மா பயமில்லை என்கிறார்தான். ஆனால் புத்தி போகிறதோ என்ற பயம் உள்ளே இருக்கிறதா என்று தனியாக உட்கார்ந்து ஒருமுறை கேட்டுவிடுங்கள். தம்பியிடமும் சித்தியிடமும் இந்தப் பதிலைக் காட்டுங்கள். அம்மா முன்னாலேயே காட்டினால் இன்னும் நல்லது.

சோபா ஓரத்துக்கு ஒரு யோசனை. பிள்ளைகள் இருக்கும்போதே, உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா பக்கத்தில் போய் அந்த இடத்தைத் தொடட்டும். விரல் மெத்தையில் படும், பிள்ளையின் மேல் படாது. தொடக் கை நீட்டும்போதே பலருக்கு உருவம் மறைந்துவிடுகிறது. மறையாவிட்டாலும் பரவாயில்லை, விளக்கைப் போட்டுவிட்டு முதலில் நீங்கள் அங்கே உட்காருங்கள், பிறகு எழுந்து அம்மாவை உட்கார வையுங்கள்.